போர்டிகோ விழுந்த கதை

எங்கள் சொந்தத்தில் எங்கே விசேஷம் நடந்தாலும், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் யாராவது ஒருவர் பெரியப்பாவிடம், "அந்தப் போர்டிகோ கதையச் சொல்லுங்க" என்று எடுத்துக்கொடுப்பார். அவரும் சொல்லுவார். குடித்துவிட்டு வந்த மேஸ்திரி ஒருவன், தான் நட்ட முட்டுக்கம்புகளைத் தானே பிடுங்கி, தளத்தைத் தன் மேலேயே தள்ளிக்கொண்ட கதை. மேஸ்திரி எப்படித் தள்ளாடினான் என்று எழுந்து நடந்து காட்டுவார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். போன மாதம் ஒரு காதுகுத்தில் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து என் மகனும் சிரித்தான். அந்த முட்டுக்கம்புகள் விழுந்த சாயங்காலம் அவற்றின் பக்கத்தில் நின்ற இரண்டு பேரில் பெரியப்பா ஒருவர், நான் இன்னொருத்தி. அவர் தன் கதையை இருபது வருஷமாகச் சொல்லியாயிற்று. என்னுடையதை ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறேன்.

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து மலையைப் பார்த்து மேற்கே போகும் பாதையில் எங்கள் ஊர். பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய ஒரே மகளான அக்கா, அப்பா, அம்மா, நான் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். ஓட்டு வீட்டை இடித்துக் கான்கிரீட் தளம் போட்ட தார்சு வீடு கட்டியபோது நான் மூன்றாம் வகுப்பு. கட்டியவர் ஊரின் தெற்குக் கடைசியில் குடியிருந்த மேஸ்திரி. அவருடைய அப்பா எங்கள் தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர். எங்கள் பக்கத்தார் மரியாதைக்குப் பேர்போனவர்கள், நாயைக்கூட 'போங்க' என்றுதான் விரட்டுவோம் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். அந்த மரியாதையில் ஒரு துளிகூட மேஸ்திரிக்குக் கிடைத்ததில்லை. என் அப்பாவைவிட வயதில் மூத்த அவரை நான் 'வா', 'போ' என்றுதான் பேசினேன். அவர் என்னை 'வாங்க அம்மணி' என்றார். இதில் கோணலாக எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

வீடு கிழக்கு பார்த்தது. முன்னால் இரண்டு தூண்களின் மேல் போர்டிகோ. வரைபடத்தில் வாசல் இரண்டு தூண்களுக்கும் நடுவில்தான் இருந்தது. தூண்கள் எழும்பிய பிறகு ஒரு வாஸ்துக்காரர் வந்து, வாசல் உச்சத்தில் இருக்க வேண்டும், வடக்கே தள்ளுங்கள் என்றார். தள்ளினால் வாசலுக்கு நேர் எதிரே தூண் வருமே என்று மேஸ்திரி கேட்டார். வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், வாசல்தான் முக்கியம் என்றார் பெரியப்பா. வாசலைத் தள்ளி வைத்தார்கள். தூண் எதிரே வந்து நின்றது.

இரண்டு வருஷம் கழித்து அக்காவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். மூன்று இடம் வந்து மூன்றும் தட்டிப்போயின. அக்காவுக்கு வேலைக்குப் போக ஆசை இருந்தது, அதை மூன்று மாப்பிள்ளை வீட்டாரிடமும் அவளே சொன்னாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஏனென்றால் கதவுக்குப் பின்னால் நான் இருந்தேன். ஆனால் காரணம் அதுவாக இருக்க முடியாது என்று பெரியவர்கள் முடிவு செய்து, இன்னொரு வாஸ்துக்காரரை அழைத்து வந்தார்கள். அவர் காரிலிருந்து இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "தூண் குத்துதுங்க. இது நிக்கற வரைக்கும் இந்த ஊட்டுப் பொண்ணு வாசலத் தாண்டாது" என்றார். ஆடி பிறப்பதற்குள் தூண் போயாக வேண்டும். புதுத் தூணுக்குக் குழி தோண்டுவதை ஆவணியில்தான் செய்ய வேண்டும், ஆடியில் கடைக்கால் எடுக்கக் கூடாது. இடிப்பதற்கு ஆடி வரைக்கும் பொறுக்க முடியாது, கட்டுவதற்கு ஆடி முடியும் வரைக்கும் பொறுத்தாக வேண்டும். தளத்துக்கு இந்தப் பஞ்சாங்கம் தெரியுமா என்று கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

கேட்டவர் மேஸ்திரி ஒருவர்தான். வாசற்படிக்குக் கீழே நின்று, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு பெரியப்பாவிடம் சொன்னார்: "தூண எடுக்கலாமுங்க பண்ணாடி, எடுக்கக் கூடாதுங்கல. ரெண்டடி தள்ளிப் புதுசு ஒண்ண எழுப்பி, பீம அது மேல உக்கார வெச்சுப்போட்டு அப்பறம் இத எடுக்கோணும். இந்தத் தளத்துக்குக் கம்பி கீழ்ப்பக்கந்தானுங்க கெடக்குது. ரெண்டு பக்கமும் தாங்கி நிக்கறதுக்குப் போட்டது. ஒரு மூலைய அந்தரத்துல உட்டா இழுவை மேல வருமுங்க. மேல கம்பியே கெடையாது."

நான் அதைக் கேட்டேன். அப்பாவும் கேட்டார். அப்பாவுக்கு அது புரிந்திருக்கும், அதுதான் என் கோபம். பம்பு செய்யும் பட்டறை ஒன்றில் அவருக்கு வேலை. வார்ப்பு இரும்பு உறைகளைத் தட்டிப் பார்த்து, சத்தம் பிசகினால் உள்ளே விரிசல் என்று ஒதுக்கிப் போடுகிற வேலை. நாள் முழுவதும் விரிசலைத் தேடிவிட்டு வருகிற மனிதர், அண்ணன் முன்னால் வாயே திறக்கவில்லை.

"நீ எடுக்கறியா, இல்ல வேற ஆளக் கூப்புடட்டுமா?" என்றார் பெரியப்பா.

வேறு ஆள் வந்தால் முட்டுக்கொடுக்காமல் இடிப்பான் என்று மேஸ்திரிக்குத் தெரியும். தானே எடுப்பதாக ஒப்புக்கொண்டார். மறுநாள் ஆறு சவுக்குக் கம்புகளைக் கொண்டுவந்து, மேலே பலகை கொடுத்து, தூண் இருந்த மூலையைச் சுற்றி நட்டார். ஒவ்வொரு கம்பின் அடியிலும் மரஆப்பு வைத்துச் சுத்தியால் இறுக்கினார். ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்த பிறகுதான் தூணில் உளி வைத்தார். தான் பூசி, தண்ணீர் ஊற்றி வளர்த்த தூணைத் தானே உடைத்தார். சாயங்காலம் சிமெண்டுத் தூசியோடு நின்று எல்லோரிடமும் சொன்னார்: "இந்த ஆறையும் தூணுன்னு நெனச்சுக்கோங்க. ஆவணி பொறந்ததும் நா வந்து புதுசு போட்டுடறேன். அதுவரைக்கும் ஆரும் தொட்டுப்போடாதீங்க." என் பக்கம் திரும்பி, "அம்மணி, இதுல தொங்கி வெளையாடாதீங்க" என்றார். நான் தொங்கவில்லை. அந்த விஷயத்தில் நான் நல்ல பிள்ளை.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த வருஷம் வாசலில் நின்ற வாழைகளைச் சாய்த்தது. போர்டிகோ அசையவில்லை. ஆறு சவுக்குக் கம்பும் ஒரு மாதம் முழுக்கத் தூண் வேலை பார்த்தன. அதற்குள் உடுமலைப்பேட்டைப் பக்கமிருந்து ஒரு ஜாதகம் வந்து பொருந்தியும் விட்டது. நல்ல தென்னந்தோப்பு, ஒரே பையன், பெண் வேலைக்குப் போனாலும் சம்மதம் என்றார்கள். பொருந்தியதற்குக் காரணம் இந்தக் கடைசி வாக்கியம் என்று அக்கா என்னிடம் சொன்னாள். தூண் போனதுதான் காரணம் என்று பெரியப்பா ஊரிடம் சொன்னார். ஊர் பெரியப்பாவை நம்பியது. ஆவணியில் முதல் முகூர்த்தத்தில் நிச்சயம் என்று நாள் குறித்தார்கள். மேஸ்திரி ஆவணி முதல் தேதியே வந்து நின்றார். நிச்சயம் முடியட்டும், வாசலில் குழி தோண்டிப் போட்டு வைக்காதே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். போர்டிகோவில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பாவுக்கு முகம் சரியில்லை. "முட்டுக் குடுத்த ஊட்டுலயா பொண்ணு எடுக்கறோம்னு நெனைக்க மாட்டாங்களா?" என்றார். யாரிடமும் இல்லை, பொதுவாகச் சொன்னார். பக்கத்தில் நான்தான் இருந்தேன். உள்ளே போய்ச் சுத்தியை எடுத்துவரச் சொன்னார். ஓடிப்போய் எடுத்து வந்தேன். அவருக்குக் குனிய முடியாது, இடுப்புப் பிடிப்பு. "கண்ணு, அந்த ஆப்பத் தட்டி உடு பாக்கலாம்."

தட்டினேன். இதை மறைப்பதில் அர்த்தமில்லை. தொடக்கூடாது என்று மேஸ்திரி சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் மேஸ்திரி சொன்னதைவிடப் பெரியப்பா சொன்னது பெரிது, அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பெரியவர்கள் வேலையில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்ற பெருமை வேறு. முதல் நான்கு ஆப்புகள் கஷ்டப்படாமல் வந்தன. ஐந்தாவதும் ஆறாவதும் வரவே இல்லை. அவை இறுகிக் கிடந்தன. அடிக்க அடிக்கக் கை அதிர்ந்தது. பெரியப்பா கம்பைக் காலால் உதைத்தார். கடைசிக் கம்பு விழுந்தபோது தலைக்கு மேலே ஒரு சின்னச் சத்தம் கேட்டது, புதுச்செருப்பு கிறீச்சிடுகிற மாதிரி. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தியா, நிக்குது. மேஸ்திரி சும்மா பூச்சாண்டி காட்டியிருக்கறான்" என்றார். நான் சிரித்தேன். ஆறு கம்பையும் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போட்டேன்.

வேலையிலிருந்து வந்த அப்பா வண்டியை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். வீட்டுச் சுவரை ஒட்டித் தளத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. அதன் கீழேயே நின்றார். "அண்ணா, விரிசல் மாதிரித் தெரியுதுங்க" என்றார். "பூச்சு வெடிப்பு" என்றார் பெரியப்பா. அப்பா தலையை ஆட்டிவிட்டுக் கை கால் கழுவப் போனார். அந்தத் தலையாட்டலை நான் என் வாழ்நாளில் மன்னிக்கப் போவதில்லை. அவரிடமே இதைச் சொல்லியிருக்கிறேன். அதற்கும் அவர் தலையைத்தான் ஆட்டினார்.

மறுநாள் உடுமலைப்பேட்டைக்காரர்கள் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். நாற்பது பேருக்குக் குறையாது. அந்தப் போர்டிகோவின் கீழேதான் உட்கார்ந்தார்கள். தட்டு மாற்றினார்கள், குழந்தைகள் நாற்காலிகளுக்கு இடையில் ஓடினார்கள், ஒரு பாட்டையா சுவரில் சாய்ந்து குறட்டை விட்டார். அந்தக் கோடு அவருக்கு நேர் மேலே இருந்தது. பெரியப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலில் நின்று ஒவ்வொருவராக உள்ளே அழைத்துப் போனார். இன்று என் மகன் யாருடைய வீட்டுப் போர்டிகோவில் நின்றாலும் என் கண் முதலில் மேலே போகிறது. அந்த நாற்பது பேரும் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, மூன்று மணிக்குள் வேன் ஏறிப் போனது எங்கள் புண்ணியம் அல்ல. தளம் இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

மேஸ்திரியையும் விருந்துக்குச் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் போன பிறகு, கொட்டகைப் பக்கம் அவருக்கு இலை போட்டார்கள். வழக்கம் அப்படி. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, புதுத் தூணுக்கு அளவு பார்க்க முன்பக்கம் வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அம்மாவும் பெரியம்மாவும் போர்டிகோவின் கீழே ஜமுக்காளம் மடித்துக்கொண்டிருந்தார்கள். "வெளிய வாங்க, ரெண்டு பேரும் வெளிய வாங்க" என்று அவர் போட்ட சத்தத்தில் அவர்கள் ஜமுக்காளத்தைப் போட்டுவிட்டு வெட்டவெளிக்கு ஓடிவந்தார்கள். எங்கள் வீட்டில் அவர் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். பிறகு கம்பெல்லாம் எங்கே என்று கேட்டுவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஓடினார். இரண்டு கம்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவரை யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. அது அவர் வீடுமில்லை. ஆனால் அவர் கட்டிய தளம்.

முதல் கம்பை நிறுத்தி ஆப்பு அடித்துவிட்டார். இரண்டாவதற்குக் குனிந்தபோது தளம் இறங்கியது. விழுந்தது என்று சொன்னால் சரியாக இராது, சுவரோரம் மடங்கி அப்படியே இறங்கியது. தூசி அடங்கியபோது அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே தளத்தின் அடியில் இருந்தது. முதலில் நட்ட அந்த ஒரு கம்பு சாய்ந்து நின்று தளத்தின் ஒரு ஓரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் கால் மட்டும் போயிற்று.

இரண்டு நாள் கழித்துப் போலீஸ்காரர் ஒருவர் வரப்போவதாகத் தகவல் வந்தது. கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரியிலிருந்து எழுதி அனுப்பியிருந்தார்களாம். அவர் வருவதற்கு முந்தின நாள் பெரியப்பா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "அம்மணி, கேட்டா என்ன சொல்லுவே? மேஸ்திரிதான் மத்தியானமா வந்து கம்பப் புடுங்குனான், சாராய வாசம் அடிச்சுதுன்னு சொல்லோணும். மாத்திச் சொன்னீன்னா அக்கா கல்யாணம் நின்னுபோகும், ஆமா." அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரே பக்கத்தை நெடுநேரம் படித்தார். அக்கா சமையலறையில் இருந்தாள். அவளுக்குக் கேட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளிடம் கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

போலீஸ்காரர் நல்லவிதமாகத்தான் கேட்டார். தண்ணீர் குடித்துவிட்டு, "பாப்பா நீ என்ன பாத்தே?" என்றார். எனக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். திக்கவில்லை, மறக்கவில்லை. வாசம் அடித்ததையும் சேர்த்துச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பித்துப் பரிசு வாங்குகிறவள் நான். அவர் போன பிறகு பெரியம்மா எனக்குத் திருஷ்டி கழித்தார்.

ஆஸ்பத்திரியில் மேஸ்திரியிடமும் போய்க் கேட்டிருக்கிறார்கள். அந்த வீட்டுக் குழந்தையே இப்படிச் சொல்கிறது, நீ என்ன சொல்கிறாய் என்று. "பாப்பா சொன்னாச் சரியாத்தான் இருக்குமுங்க" என்றாராம். பெரியப்பா இன்றும் கதையின் கடைசியில் இந்த இடத்துக்கு வந்ததும் தொடையைத் தட்டுவார். அவனே ஒத்துக்கிட்டான் பாருங்க என்பார். கல்லூரிக்குப் போகிற வயது வரைக்கும் நானும் அதை மேஸ்திரியின் பெருந்தன்மை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெருந்தன்மையாவது மண்ணாவது. அவர் மனைவி எங்கள் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் குடியிருந்த இடம் பெரியப்பாவின் பேரில் இருந்தது. கால் போன மனிதருக்கு அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர வேறு எதுவும் சொல்ல இடமில்லாமல் செய்துவிட்டு, அவர் சொன்னதை நாங்கள் சாட்சியாக எடுத்துக்கொண்டோம். குடித்துவிட்டு வேலை செய்கிறவன் என்று பேர் வந்த பிறகு சுற்றுவட்டாரத்தில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் குடித்து நான் பார்த்ததில்லை. ஊரில் யாருமே பார்த்ததில்லை என்பதையும் பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

தை மாதம் கல்யாணம். அதற்கு ஒரு வாரம் முன்னால் மேஸ்திரி கோலை ஊன்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கொட்டகையில் கிடந்த அவருடைய கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாவற்றையும் எடுத்துப்போக வந்திருந்தார். முன்பக்கம் வெளியூர் ஆட்கள் புதுப் போர்டிகோவுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் தூண் வாசலுக்கு இரண்டடி தள்ளி, அவர் சொன்ன இடத்திலேயே நின்றது. அவர் அதைப் பார்த்தார். பையை எடுத்துக் கொடுத்தவள் நான்தான். அவரைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எனக்கும் அவருக்கும் நடுவில் எதுவும் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நான் ஒன்று சொன்னேன், சரி என்று அவரும் சொல்லிவிட்டார், அக்காவுக்குக் கல்யாணமும் நடக்கப் போகிறது. இதைவிட நல்லதாக ஒரு காரியம் எப்படி முடிய முடியும்?

"அக்கா கல்யாணத்துக்கு வந்துரு மேஸ்திரி" என்றேன்.

"வாரனுங்க அம்மணி" என்றார்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற வேலை எனக்கு. பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு, பன்னீர்ச்செம்போடு, வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். பந்தி முடிகிற வரைக்கும் பார்த்தேன். மேஸ்திரி வரவில்லை. வருகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு வராமல் போய்விட்டார். பேச்சைக் காப்பாற்றாத ஆள் என்று அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. கல்யாண வீட்டுப் பலகாரம் தீர்கிற வரைக்கும் அந்தக் கோபம் எனக்கு இருந்தது.